ஃப்ளெக்ஸில் நின்றவள்

நாச்சியார் கோயில் பஸ் நிறுத்தத்தில் அந்த ஃப்ளெக்ஸைக் கட்டிய வியாழக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு ராக்கம்மாளுக்குப் பசி நின்றுபோனது. உறையூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் அவள். தில்லை நகர் பக்கத்து நற்பணி மன்றத்தார் பத்துக் கிலோ அரிசிப்பை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுக்காமல் தர்மம் செய்யும் வழக்கம் நம் ஊரில் இல்லை. ஃப்ளெக்ஸில் பையை அணைத்தபடி அவள் சிரிக்க, சுற்றிலும் மன்றத்தார் ஏழு பேர் நின்றார்கள். படத்தில் நின்ற யாருக்கும் அதன்பின் பசிக்கவில்லை. மன்றத்தாருக்கு முன்பும் பெரிதாகப் பசித்ததில்லையாதலால் வித்தியாசம் தெரியவில்லை.

ஆறு மாதம் அவள் ஒரு பருக்கை தொடவில்லை. உடம்பு இளைக்கவுமில்லை, ரவிக்கை இறுகியது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று குழப்பத்தோடு சொன்னார். கொடுத்து வைத்தவள் என்றது தெரு. ரேஷன் அரிசி முழுக்க மகள் யமுனாவுக்குத்தான் என்பதில் ராக்கம்மாளுக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை பாதிச் சோற்றோடு எழுந்தது. "பசிக்கலம்மா" என்றது. தனக்கே பசிக்காதவள் அதை நம்பினாள்.

அரையாண்டு விடுமுறை வந்தது. பள்ளிக்கூடச் சத்துணவும் இல்லை. நாலாம் நாள் யமுனா தெருக்குழாயடியில் மயங்கி விழுந்தாள்.

"ஏன்டி சாப்பிடல?"

"நீ சாப்பிடலியேம்மா. அரிசி கொஞ்சமாத்தான் இருக்குன்னு நெனச்சேன்."

அரிசி குறைந்தால் அம்மா பட்டினி கிடப்பாள் என்பது அந்த வீட்டில் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. ராக்கம்மாள் பேருக்கு நாலு வாய் மென்று காட்டலாமென்று பார்த்தாள். தொண்டைக்குள் இறங்கவில்லை.

ஃப்ளெக்ஸ் கட்டிய அன்றுதான் பசி போனது என்பது நினைவு வர, நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போய், அங்கே நின்ற ஆட்டோக்காரர் சர்ஃபராஸிடம் விஷயத்தைச் சொல்லி, அதிலிருந்து தன் படத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தரச் சொன்னாள்.

"ஏங்க, பசியில்லாம இருக்கிறது எவ்வளவு நிம்மதி. அதைப் போய் வேணாங்கிறீங்க?"

"எம்மக பாக்க நான் சாப்பிடணுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் ஏறி வெட்டிக் கொடுத்தார். படம் கைக்கு வருமுன்பே அவளுக்குக் கண் இருட்டியது, ஆறு மாதப் பசி. மன்றத்தார் நடுவில் ஓட்டையோடு அந்த ஃப்ளெக்ஸ் இன்றைக்கும் நிற்கிறது. பஸ் வருகிறதா என்று ஜனங்கள் அதன் வழியாகப் பார்க்கிறார்கள்.

வீட்டில் ராக்கம்மாள் உலை வைத்து வடித்தாள். ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். யமுனா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்ட பிறகுதான் தன் தட்டை நீட்டினாள்.