ஸ்ராஸ்பூர்க் பார்த்தவர்

கனடாவின் ரெக்ஸ்டேலில் சண்முகநாதனைத் தெரிந்த எல்லோருக்கும் ஒன்று தெரியும். மனிதர் ஒன்றை வேண்டாம் என்று விட்டால் தலைகீழாக நின்றாலும் அவரை மாற்ற முடியாது. மகள் நிலக்சி கட்ட விரும்பிய கீதனை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. நல்ல குடும்பம், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, மரியாதையான பேச்சு. ஆனால் பெடியன் பிறந்து வளர்ந்த ஊர் பிரான்சின் எல்லையில் இருக்கிற ஸ்ராஸ்பூர்க். கலியாணம் முடிந்தால் நிலக்சி அங்கேதான் போய் இருக்கவேண்டும். அங்கேதான் வந்தது கரைச்சல்.

"உந்த ஊருக்கு என்ரை பிள்ளையை அனுப்பமாட்டன். நான் பாக்காத ஸ்ராஸ்பூர்க்கே?" என்றார்.

அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து வெளிக்கிட்டு, ஜேர்மனியிலிருந்து களவாகப் பிரான்சுக்குள் புகுந்து, பாரிசில் கோப்பை கழுவி, பிறகு கனடா வந்து சேர்ந்தவர் அவர். வழியில் இருந்தது ஸ்ராஸ்பூர்க். இருட்டு ஊர், மனிசர் இருக்கேலாத ஊர் என்று அன்றிலிருந்து ஒரே பாட்டு. இப்போது பக்கத்துப் பிறம்ரனிலிருந்து அமெரிக்காவுக்கு லொறி ஓடுகிறார். கடவுச்சீட்டு, பத்திரம் எல்லாம் பக்காவாக இருந்தும், எல்லைச் சோதனைக் கூண்டுக்குக் கிட்டப் போனால் இன்னும் அவற்றை மூன்று தரம் எடுத்துப் பார்ப்பார். இதை மட்டும் அவர் வீட்டில் சொன்னதில்லை.

நிலக்சியும் தகப்பனுக்குத் தப்பாத பிள்ளை. அப்பா ஓம் சொல்லாமல் கட்டவும் மாட்டாளாம், வேறு ஆளைப் பார்க்கவும் மாட்டாளாம். மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு காலம்தான் பொறுப்பார்கள்? இந்த மாதத்துக்குள் ஒரு முடிவு வேண்டும் என்று பண்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் ஒரு சனிக்கிழமை காலை, கீதனை வீடியோவில் ஊரைச் சுற்றிக் காட்டச் சொல்லி, அதைப் பெரிய ரீவியில் போட்டுவிட்டாள் தாய் புனிதவதி. சண்முகநாதன் தேத்தண்ணிக் கோப்பையோடு, பார்க்காதவர்போல ஒரு பக்கமாக உட்கார்ந்தார்.

அங்கே பின்னேர வெயில். ஆற்றங்கரையில் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டம் வைத்த பழைய வீடுகள், ஒன்றோடொன்று தோள் சாய்த்துக்கொண்டு நின்றன. ஜன்னலுக்கு ஜன்னல் பூ. ஒரு சந்து திரும்பியதும் இளஞ்சிவப்புக் கல்லில் தேவாலயம் எழும்பியது. கீதன் கைபேசியை மேலே மேலே தூக்கியும் கோபுரம் முடிகிற பாடாக இல்லை. புனிதவதி தன்னையறியாமல் கும்பிட்டுவிட்டாள். வேதக்காரருடைய கோயில்தான், இருந்தாலும் அந்த உயரத்தைக் கண்டால் கை தானாக எழும்பாதா?

பாண் கடையில் விற்கிற பெண், ஒருவரோடு பிரெஞ்சு பேசினாள், அடுத்தவரோடு ஜேர்மன் மாதிரி ஒன்று பேசினாள். அது இந்த ஊருக்கே உரிய பேச்சாம். தெருப் பெயர்கள்கூட இரண்டு மொழியில் தொங்கின. பிரான்சும் ஜேர்மனியும் இந்த ஊருக்காக மாறி மாறி அடிபட்டதால், இருந்த வீட்டிலேயே இருந்து நாலு தரம் நாடு மாறிய ஆட்கள் முந்தி இங்கே இருந்தார்கள் என்றான் கீதன். நாலு நாடு அலைந்த பிறகு ஒரு வீடு வாங்கிய சண்முகநாதனுக்கு அதைக் கேட்கத் தலை சுற்றியது. எப்போது நேராகத் திரும்பி உட்கார்ந்தாரோ தெரியாது, தேத்தண்ணி ஆறிவிட்டது.

பிறகு கீதன் ட்ராமில் ஏறினான். தாய் சலவைத்தூள் வாங்கிவரச் சொன்னவவாம், அக்கரையில் மலிவாம்.

"அக்கரை எண்டால்?"

"ஜேர்மனி, அங்கிள்."

சண்முகநாதன் கோப்பையைக் கீழே வைத்தார். "பாஸ்போட் எடுத்தனீரோ தம்பி?"

கீதன் சிரிக்கவில்லை. இங்கே அநேகமாக ஒருவரும் மறிப்பதில்லை என்றான். ஜன்னலுக்கு வெளியே, இரண்டு நாட்டுக்கும் எல்லையாக அகலமான ஆறு வந்தது. றைன். ட்ராமுக்குள் ஒருத்தி பிள்ளைக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பழம் முடியமுதல் நாடு மாறிவிட்டது. கூண்டு இல்லை, பொலிஸ் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. சண்முகநாதன் எழும்பி ரீவிக்குக் கிட்டப் போய் நின்றார்.

சலவைத்தூளோடு கீதன் நடைபாலத்தால் திரும்பி வந்தான். பாலத்தின் நடுவில் அவன் வந்ததும், சண்முகநாதன் ரீவிக்கு முன்னால் நின்றபடி அவனை மறித்தார். ஒருக்கால் திரும்பி ஜேர்மனிக்குப் போய் வரமுடியுமா என்று கேட்டார். கீதன் போய் வந்தான். இன்னொருக்கால் என்றார். மழை தூறத் தொடங்கியது. "அப்பா, ப்ளீஸ்" என்று பக்கத்தில் இருந்த நிலக்சி கெஞ்சினாள். பெடியன் ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. சலவைத்தூள் பெட்டியைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தான்.

சண்முகநாதன் ரீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"நான் உந்த ஊரைக் காணேல்லை பிள்ளை," என்றார். "ஒரு சாமான் வானுக்குள்ளை, கம்பளக் கட்டுகளுக்குக் கீழை கிடந்து வந்தனான். உந்த ஆறு வரேக்கை வானை மறிச்சவங்கள். இருமல் வந்திடும் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தன். இருட்டைத் தவிர ஒண்டும் பாக்கேல்லை."

புனிதவதி இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள். அவளுக்கே இது புதிது. அவள் எழும்பி வந்து அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கண்ணைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. மகளைப் பார்த்தார்.

"நீ போ அம்மா. நான் படுத்துக் கிடந்து கடந்த இடத்தை நீ நிமிந்து நடந்து கட."

நிலக்சி அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளோடு சேர்ந்து தாயும் அழுதாள். நிற்கச் சொல்ல ஒருவரும் இல்லாததால், ரீவியில் கீதன் மழையில் நனைந்தபடி மறுபடியும் ஜேர்மனிக்குப் போய்க்கொண்டிருந்தான்.