ஸ்டார் போட்ட கட்டம்

பதிவேட்டில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். மெயில் அனுப்பும் மென்பொருளில் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு பேர். மீதி இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எங்கே போய்த் தொலைந்தார்கள்?

ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் ரத்தப் பரிசோதனை லேபில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் நான்தான். லேபின் பதிவேட்டையும் மெயில் மென்பொருளையும் ஏபிஐ என்ற இணைப்பு நிரல் வைத்து இணைத்து மூன்று வாரம் ஆகிறது. ரிசல்ட் வந்ததும் மெயில் தானாகப் போய்விடும். "இனிமே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு மாரடிக்க வேணாம்" என்று ரிசப்ஷன் மெட்டில்டாவிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டவனும் நான்தான்.

தேடினேன். காணாமல் போன அத்தனை பேருக்கும் ஒரே மெயில் முகவரி. ஒரு முகவரிக்கு ஒரு ஆள் என்பது அந்த மென்பொருளின் கணக்கு. எல்லோரையும் ஒரே ஆளாக்கி விழுங்கியிருந்தது. முகவரி மெட்டில்டாவுடையது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? அறிவிருக்கா?" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க சார். மெயில் கட்டத்துக்கு கட்டாயம்னு ஸ்டார் போட்டது யாரு? காலியா விட்டா அடுத்த பக்கமே போகல. வயசானவங்க மெயிலுக்கு எங்க போவாங்க? வாசல் வரைக்கும் க்யூ. என்னுதையே போட்டுட்டேன்."

"வந்ததையாவது பாத்தீங்களா?"

போனை நீட்டினாள். திறக்காத மெயில்கள் துணிக்கடைத் தள்ளுபடிகளுக்கு நடுவே கிடந்தன. தள்ளிக்கொண்டே போனேன். நேற்று மாலை வந்த ஒன்றில் விரல் நின்றது. பொன்னியம்மாள், வயது அறுபத்தெட்டு, பொட்டாசியம் 6.9, உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

அந்த அளவில் இதயம் எந்த நிமிடமும் நின்றுவிடலாம். பதினாறு மணி நேரம் ஆகிவிட்டதே! அவருடைய நம்பருக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப்.

"வண்டலூர் ஸ்டேஷன்கிட்ட பூ விக்கிறவங்க சார். ரத்தம் குடுக்க வந்தப்ப சொன்னாங்க" என்றாள் மெட்டில்டா. என் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டாள். பெருங்களத்தூர் நெரிசலில் நான் எல்லோரையும் திட்டினேன். என்னைத்தான் அதிகம் திட்டினேன்.

பொன்னியம்மாள் இருந்தார். பூக்கூடைக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, கையில் இளநீரோடு.

"ரிசல்ட் மெயில்ல வந்துச்சும்மா, உடனே ஆஸ்பத்திரிக்கு..."

"மெயிலா? அத்த யாரு பாத்துகினு கீறா? கையி காலு ஓய்ஞ்சு கீது கண்ணு. சூடுன்னு காலையிலேர்ந்து எளநிதான் குடிச்சுகினு கீறேன்."

இளநீரில் இருப்பதெல்லாம் பொட்டாசியம். மெட்டில்டா அதைப் பிடுங்கி எறிந்தாள்.

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். அவரை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் தலையைத் தூக்காமலே, "பேஷன்ட் மெயில் ஐடி சொல்லுங்க. அது இல்லாம அட்மிஷன் போட முடியாது" என்றாள்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என்னுடையதைச் சொன்னேன்.

"அறிவிருக்கா சார்?" என்றாள் மெட்டில்டா, மெதுவாக.

இரண்டு மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துணிக்கடைத் தள்ளுபடியைக்கூடத் திறந்து பார்த்தேன்.

கடைசியில் வந்தது. 'அன்புள்ள பொன்னியம்மாள்' என்று என்னை அழைத்திருந்தார்கள். பொட்டாசியம் 5.3, ஆபத்துக் கட்டம் தாண்டியாயிற்று. கண் நிறைந்து எழுத்து மங்கியது. மெட்டில்டாவிடம் போனைக் கொடுத்து, உள்ளே போய் அந்தம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன்.