எண்ணெய்க்காரர்

முப்பத்தேழாயிரத்து இருநூற்று ஐம்பது. ஜாக்கியை வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது அந்த எண்தான் அவன் கண்ணில் பட்டது. ஷெட்டின் சுவரில், டைல்ஸ் அளவு குறிக்கிற தடிப் பென்சிலால், நாலு வருஷத்துக்கு முன் அவனே எழுதியது. அப்பா அவனுக்குத் தர வேண்டிய பணம். எழுதியவன் அதை அழிக்கவில்லை. தர வேண்டியவரும் அழிக்கவில்லை. அவர் இப்போது வீட்டுக் கூடத்தில் வெள்ளைத் துணிக்கு அடியில் படுத்திருந்தார்.

"மணி என்ன?" என்றான்.

"பதினொண்ணரை," என்றாள் மனைவி. "மூணு மணிக்கு எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க."

சவ வண்டி மூன்று மணிக்கு வரும். அதற்கு முன்னால் ஓட வேண்டியது இந்த வண்டி. கரும்பச்சை நிறம், உருண்டை விளக்குகள், அவனைவிட இருபது வயது மூத்தது. அப்பா பஸ் டிப்போவில் முப்பது வருஷம் பிரேக் பார்த்தவர். பழைய இரும்பு விலைக்கு வாங்கிவந்து, சம்பளத்தில் பாதியை அதற்குள் போட்டு, ஓட வைத்தார்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் அப்பாவோடு சேர்த்து ஒன்பது பேர். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஒரு வண்டியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்பது பேரும் ஒன்பது வியாதி சொல்வார்கள். அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. ஒருவர் போய்விட்டால் அவருடைய வண்டி சவ வண்டிக்கு முன்னால், தன் என்ஜினில் தானே ஓடிப் போக வேண்டும்.

இதைச் சொல்லத்தான் காலையிலேயே ஸ்டெப்னி வந்துவிட்டார். இருபது வருஷமாக அப்பாவின் பக்கத்து சீட்டை விட்டு இறங்காததால் அந்தப் பேர். தன் சொந்தக் காரையே அவர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருவார்.

"போன வருஷம் நம்ம கூட்டத்துல தச்சன் போனப்ப அவன் வண்டி கிளம்பல தம்பி. கயிறு கட்டி இழுத்துட்டுப் போனோம், வராத ஆட்டை இழுக்கிற மாதிரி. அன்னைக்கே உங்கப்பன் சொன்னான், எனக்குக் கயிறு கட்டுனீங்க, எந்திரிச்சு வந்து அறைவேன்னு."

என்ஜின் ஓடியது. அப்பா படுத்த ஒன்பது மாதமும் மனைவி வாரம் ஒருமுறை ஓடவிட்டு வந்தாள். சலவைக்கடை வேன் ஓட்டுகிறவள். வண்டியின் சத்தம் அவளுக்குப் புரியும். ஆனால் பிரேக் மிதித்தால் பெடல் தரை வரை போனது. நிற்கிற வண்டிக்கு பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று ஏறிவிட்டது.

"காத்து எடுத்தா சரியாயிடும்," என்று அவள் சமையலறையில் வைத்துச் சொன்னாள். "ரெண்டு ஆள் வேணும். மாமா கீழே படுப்பாரு, நான் மிதிப்பேன். இப்ப நீங்கதான் படுக்கணும்."

"நாளைக்குக் குடுக்கப்போற வண்டிக்கு இன்னைக்கு எதுக்கு பிரேக்கு?"

வியாபாரியிடம் அவன் வாக்குக் கொடுத்திருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பேசி முடித்தது. நாளைக் காலை ஒன்பது மணிக்கு வந்து எடுத்துக்கொள்வான். அந்த விலைக்குள் சுவரில் இருந்த தொகை ஆறு தடவை அடங்கும்.

"இன்னைக்கு அது மாமா வண்டி. நாளைக்கு உங்க இஷ்டம்," என்றாள்.

அதற்குமேல் அவள் ஒன்றும் பேசவில்லை. அதனால்தான் அவன் ஷெட்டுக்கு வந்தான்.

வருகிற வழியில் கூடத்தைத் தாண்டினான். அப்பாவின் கூட்டாளிகள் ஒவ்வொருவராக வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீட் உறை தைக்கிற டெய்லர் குனிந்து அப்பாவின் கையைத் தொட்டார். "என்ன எண்ணெய்க்காரரே, எங்ககிட்ட சொல்லாம கிளம்பிட்டீங்களே," என்றார். பக்கத்தில் நின்றவர் அழுதுகொண்டே சிரித்தார். எதற்கு எண்ணெய்க்காரர் என்று அவனுக்குப் புரியவில்லை. அவர்கள் பேச்சில் அவனுக்குப் புரியாதது நிறைய உண்டு.

இப்போது அவன் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தான். டைல்ஸ் ஒட்டுகிறவனுக்குத் தரை புதிதல்ல. முட்டி போட்டே பாதி ஆயுசு போய்விட்டது. ஆனால் மல்லாந்து படுத்து மேலே பார்த்து வேலை செய்தது இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் விரல் நுனி அளவு ஒரு திருகு. அதில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபின் ஒரு முனையை மாட்டி, மறுமுனையை ஜாம் பாட்டிலில் விட்டான். ஸ்டெப்னி முன்னால் பானெட்டைத் திறந்து, பிரேக் டப்பாவில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொண்டார்.

"நீங்க 'அழுத்து'ன்னா அழுத்துவேன்," மனைவி உள்ளே உட்கார்ந்து சொன்னாள். "அப்புறம் திருகைத் திறங்க. எண்ணெயும் காத்தும் வெளிய வரும். மூடிட்டு 'விடு'ன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் நான் காலை எடுக்க மாட்டேன்."

"அழுத்து."

"அழுத்திட்டேன்."

திறந்தான். டியூபில் மஞ்சளாக எண்ணெய் வந்தது. கூடவே குமிழிகள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடு."

டியூபில் வந்ததெல்லாம் திரும்ப உள்ளே ஓடியது.

"மூடுனீங்களா?"

"இல்ல."

"மூடாம விடச் சொன்னா போன காத்து திரும்ப உள்ள வந்துரும். மொதல்லேர்ந்து எடுக்கணும்."

"சரி, கத்தாதே."

"நான் எங்க கத்துனேன்?"

வாசலில் நிழல் விழுந்தது. அத்தை. அப்பாவின் தங்கை. வண்டிக்கு அடியிலிருந்து அவள் கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"நல்லாயிருக்குடா இது. பெத்த அப்பனைக் கூடத்துல போட்டுட்டு வண்டிக்கடியில படுத்திருக்கான். அண்ணன்தான் ஆயுசு பூரா இப்படிக் கிடந்தாருன்னா, நீயுமா? வர்றவங்க உன்னைத்தான் கேக்கறாங்க."

"வந்துடறேன் அத்த."

"என்னத்த வருவே," என்று விரல்கள் போய்விட்டன.

முதல் சக்கரம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டாவதில் கை பழகிவிட்டது. அழுத்து, அழுத்திட்டேன், விடு. மூன்று வார்த்தைக்கு மேல் தேவைப்படவில்லை. இந்த மூன்று வார்த்தையை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். கேட்கக் கேட்க எரிச்சல் வரும். அப்போது அப்பாவோடு அவன் நேராகப் பேசுவது இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவளிடம் சொல்வான், அவள் அவரிடம் சொல்வாள். ஆறு மாதத்தில் தருகிறேன் என்று வாங்கிய பணம். கல் அறுக்கிற மெஷின் வாங்க அவன் சேர்த்து வைத்தது. "சாமான் வாங்கணும் தம்பி, அவசரம்," என்றார். இந்த வண்டிக்கு என்ன அவசரம் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அன்று சுவரில் எழுதிவிட்டு வெளியே போனவன்தான். இன்றுதான் ஷெட்டுக்குள் வந்திருக்கிறான்.

"டப்பா குறையுது," என்றார் ஸ்டெப்னி. அலமாரியில் தகரம் உரசும் சத்தம். "இந்தா பாரு தம்பி, ரெண்டு டின்னு இருக்கு. இது பிரேக்குக்கு. பக்கத்துல இருக்கிறது என்ஜினுக்கு. பின்னாடி நீ எப்பவாவது ஊத்துனா மாத்தி ஊத்திராதே, உங்கப்பன் மாதிரி."

"அப்பாவா?"

"தெரியாதா உனக்கு? அப்புறம் எதுக்கு அவனை எண்ணெய்க்காரன்னு கூப்பிடறோம்? நாலு வருஷம் முந்தி, கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு வந்தானே, அப்ப பிரேக் டப்பாவுல என்ஜின் ஆயிலை ஊத்திட்டான். அது பட்டா உள்ள இருக்கிற ரப்பரெல்லாம் ஊறி உப்பிப் போயிரும். பத்தே நாள். நாலு சக்கரமும் கவ்விக்கிச்சு. பெரிய சிலிண்டர், சின்ன சிலிண்டர், ஓஸு, ஒண்ணு மிச்சமில்ல. எல்லாம் கப்பல்ல வரவழைச்சான். முப்பத்தேழாயிரமோ என்னமோ ஆச்சு."

"முப்பத்தேழாயிரத்து இருநூத்தம்பது," என்றான் அவன், கீழே இருந்து.

"ஆங், அதான். சொல்லியிருக்கான்ல." ஸ்டெப்னிக்குச் சிரிப்பு வந்தது. "முப்பது வருஷம் பஸ்ஸுக்கு பிரேக் பார்த்தவன்யா. கேட்டா, கண்ணு சரியாத் தெரியல, டின்னு மாறிப்போச்சுன்னான். நாங்க விடுவோமா? பிரேக்குன்னு அவன் வாயைத் தொறந்தாலே, 'எண்ணெய்க்காரரே, நீங்க பேசாதீங்க'ம்போம். நாலு வருஷம். ஒரு தடவை கோவிச்சுக்கணுமே! சிரிச்சுக்கிட்டே டீயைக் குடிப்பான்."

அவர் மூடியைத் திருகிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

அவன் கையில் ஸ்பேனர் இருந்தது. கண்ணுக்கு மேலே துரு பிடிக்காத புதுக் குழாய், வளைவு வளைவாக, ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு கிளிப் போட்டு ஓடியது. அவன் டைல்ஸ் கோடு பார்க்கிற மாதிரியே யாரோ பார்த்துப் பார்த்து வைத்த வேலை.

நாலு வருஷத்துக்கு முன், அப்பா கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருந்த வாரம். மனைவி அவர்கூட இருந்தாள். அவன் வீட்டில் தனியாக. அப்பா வரும்போது வண்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று தோன்றியது. கழுவினான். துடைத்தான். பானெட்டைத் திறந்து எங்கெங்கே குறைந்திருந்ததோ அங்கெல்லாம் நிரப்பினான். தண்ணீர் குறைந்த இடத்தில் தண்ணீர். எண்ணெய் குறைந்த இடத்தில், கைக்கு எட்டிய டின்னிலிருந்து எண்ணெய். அப்பா வந்ததும் வண்டியைத் தடவிப் பார்த்து, "யாரு தம்பி துடைச்சது? வழுவழுன்னு இருக்கே," என்றார். அவனுக்கு அன்று முழுக்க மனசு நிறைவாக இருந்தது.

"அழுத்திட்டுத்தான் இருக்கேன்," என்றது மேலே இருந்து அவள் குரல். "திறக்கலையா?"

அவன் திறக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"



"கட்டு அவுத்து, கண்ணு தெளியற வரைக்கும் மாமா பானெட்டைத் தொடவேயில்ல. நான்தானே கூட இருந்தேன். சக்கரம் கவ்வுனப்ப விரல்ல தொட்டு மோந்து பார்த்தாரு. அப்புறம் அலமாரியைப் பார்த்தாரு. ரெண்டு டின்னுல எது குறைஞ்சிருக்குன்னு."

"ஏன் சொல்லல?"

"சொல்லட்டுமான்னு கேட்டேன். 'அவன் ஆசையா வண்டியைத் தொட்டதே அந்த ஒரு தடவைதாம்மா. அதையும் நாம குத்தமாக்க வேணாம்'னாரு."

வெளியே யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் பேச்சு. ஒரு குழந்தை அழுது அடங்கியது.

முன் சீட்டில் வைத்திருந்த அவன் போன் அடித்தது.

"வியாபாரிதான்," என்றாள்.

"காலை எடுக்காதே."

"எடுக்கல. போனை?"

"அடிக்கட்டும்." திருகைத் திறந்தான். எண்ணெய் வந்தது, குமிழிகள் வந்தன. போன் அடித்து ஓய்ந்தது. மூடினான். "அவனுக்கு அப்புறம் நீயே சொல்லிடு. வண்டி இல்லன்னு."

அவள் பெடலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"விடு," என்றான்.

கடைசிச் சக்கரத்தில் டியூப் நிறைய எண்ணெய் வந்தது, ஒரு குமிழி இல்லாமல். அவள் ஒருமுறை மிதித்துப் பார்த்தாள். இன்னொரு முறை மிதித்தாள். "கல்லு மாதிரி இருக்கு," என்றாள். வேகமாக இறங்கி முகம் கழுவப் போனாள்.

மூன்று மணிக்கு எல்லோரும் கூடத்தில் நின்றார்கள். மீதி எட்டுப் பேரில் ஆறு பேர் தூக்குவதற்கு வந்து நின்றார்கள். அவன் தலைமாட்டில் நின்றான். குளித்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. டெய்லர் குனிந்து, "வாங்க எண்ணெய்க்காரரே, கிளம்பலாம்," என்றார்.

"எண்ணெய் ஊத்துனது அவரில்ல," என்றான் அவன்.

குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"நான்தான். அவர் ஆஸ்பத்திரியில இருந்தாரு. நான்தான் ஊத்துனேன். அவருக்குத் தெரியும்."

அத்தை வாயில் துணியை வைத்துக்கொண்டாள். ஸ்டெப்னி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சீட்டாட்டத்தில் நாலு வருஷம் ஏமாந்தது இப்போதுதான் தெரிந்தவர் மாதிரி. பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"படுபாவி," என்றார் அப்பாவிடம். "தூக்குங்கப்பா."

அப்பாவை ஏற்றிய பிறகு மனைவி ஷெட்டுக்குப் போய் வண்டியைக் கிளப்பினாள். ஸ்டெப்னி பழக்க தோஷத்தில் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறப் போனவர், அவனைப் பார்த்து நின்றார்.

"உங்க எடம்தான் சித்தப்பா. ஏறுங்க. நான் அப்பாகூட வரேன்."

வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்து வெளியே போனது. ஷெட் திடீரென்று பெரிதாகிவிட்டது. தரையில் ஜாம் பாட்டில், அதில் பழைய எண்ணெய். அவன் பழந்துணியை அதில் நனைத்துச் சுவரில் வைத்துத் தேய்த்தான். முதலில் பென்சில் கரைந்து பரவியது. அப்புறம் பெயிண்டும் சேர்ந்து வந்தது. கை அளவுக்கு ஒரு வெற்றுச் சுவர்.

வெளியே ஹாரன் அடித்தது. ஸ்டெப்னி கார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தார்.

"ஏ எண்ணெய்க்காரா! வண்டி கேட்டைத் தொறப்பா."

அவன் துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் திறந்தான். வண்டி அவனைத் தாண்டி உருண்டது. தெரு முனையில், யாரும் குறுக்கே வராமலே, அவள் ஒருமுறை பிரேக்கை மிதித்தாள். பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. வண்டி அசையாமல் நின்றது. பிறகு போனது.