கண்ணாடிக்குள் ஐந்து புள்ளி

என் இரண்டு வளையலை விழுங்கிய லென்ஸ் அது. பிரான்சுக்குக் கப்பலேறப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து என் வீட்டுக்காரர் கோவிந்தராசு அதை வாங்கிவந்த அன்று நான் உலை வைக்கவில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம். ஊரைக் காலி செய்துகொண்டிருந்த பிரெஞ்சுக்கார முசியேமார்களிடம் புத்தியுள்ளவர்கள் கட்டிலும் பீரோவும் வாங்கினார்கள். இவர் ஒரு கைப்பிடி அளவு கண்ணாடியை வாங்கிவந்தார்.

"ஜெர்மன் சரக்கு ராஜம். தலையில இருக்கற முடிய எண்ணலாம்," என்றார்.

"எண்ணி என்னா பண்ணப் போறீங்க? பின்னி விக்கப் போறீங்களா?" என்றேன்.

மிஷன் வீதியில் எங்கள் வீட்டு முன்கூடம்தான் ஸ்டூடியோ. அவர் படம் பிடிப்பார், நான் டச்சிங் செய்வேன். படம் பதிந்து, கழுவிக் காயவைத்த கண்ணாடிப் பிளேட்டைச் சாய்மேசையில் வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் மறைப்பது என் வேலை. பிளேட்டில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கறுப்பாக இருப்பது அங்கே வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்பைப் பென்சிலால் நிரப்பிவிட்டால் படத்தில் தழும்பு இருந்த சுவடே இருக்காது. பழைய லென்ஸ் கொஞ்சம் மங்கல் என்பதால் பாதி வேலையை அதுவே முடித்துவிடும். புதுசு வந்ததிலிருந்து எனக்குக் கண் எரிச்சல்தான் மிச்சம். நல்ல படம் லென்ஸால் வருகிறது என்பது அவர் கட்சி, என் பென்சிலால் வருகிறது என்பது என் கட்சி. இரண்டு பேருக்கும் இதே சண்டை.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை சந்திரகலா என்று ஒரு பெண்ணை அழைத்துவந்தார்கள். காலையில்தான் வளைகாப்பு முடிந்திருந்தது. கை கொள்ளாத வளையல், கழுத்தில் மாலை, தாழம்பூ வைத்துத் தைத்த சடை. கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவள் அப்பா தணிகாசலம். கதிர்காமத்தில் கத்திரியும் கீரையும் போட்டு, தினமும் பெரிய மார்க்கெட்டுக்குக் கொண்டுவருகிறவர். பெண்ணுக்குத் தாய் இல்லை. மற்றவன் புருஷன் சக்கரபாணி. இரண்டு சாராயக்கடை வைத்திருந்தான். பிரெஞ்சுக்காரனிடமிருந்து ஊர் கைமாறின ஐம்பத்து நாலாம் வருஷக் கலாட்டாவில் அவன் ஆட்கள் கொளுத்திய கூரைகளை ஊர் இன்னும் மறக்கவில்லை.

"தலைச்சனுக்குப் பொண்ண அழைச்சிம்போறதுதான் வழக்கம்," என்றார் தணிகாசலம் என்னிடம். "ஆனா எங்க ஊர்ல டாக்டர் ஏதும்மா? மாப்பிள்ளை, டவுன்லயே வச்சிப் பாத்துக்கறேன்னுட்டார். எம்மாம் அக்கறை பாருங்க."

வளைகாப்புப் படம் என்றால் நிலைக்கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். முகம் நேரே விழும், சடை கண்ணாடிக்குள் விழும். நான் கண்ணாடியை நகர்த்தியதுமே அந்தப் பெண் என் முந்தானையைப் பிடித்தாள்.

"கண்ணாடி வேணாம்க்கா. நேரா மட்டும் எடுத்துடுங்க."

"நல்லா இருக்கே! ரெண்டு மணி நேரம் உக்காந்து தெச்ச சடைய யாரு பாக்கறது, சுவரா?" என்று அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். சடையை மறைக்கிறது என்று மாலையையும் கழற்றினேன். அவள் பிடரியில் பவுடர் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. வேர்வைக்காக இருக்கும் என்று நினைத்தேன். அவள் புருஷனை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அதை வெட்கம் என்று நினைத்தேன். எனக்கு வாய் இருந்த அளவுக்குப் புத்தி இல்லை.

என் வீட்டுக்காரர் லென்ஸ் மூடியை இரண்டு முறை திறந்து மூடினார், இரண்டு பிளேட். பிறகு வழக்கமான பெருமையை ஆரம்பித்தார். "பழைய லென்ஸா இருந்தா கண்ணாடிக்குள்ள இருக்கறது கலங்கலாத்தான் விழும். இது அப்படியில்லீங்க. பின்னாடி இருக்கற பூவோட நரம்பு கூடத் தெரியும். ஒண்ணும் ஒளிய முடியாது."

சக்கரபாணி அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். மெல்வது நின்றது.

"பின்னாடி இருக்கறதுமா?"

"எல்லாமே."

"பிளேட்டையும் எங்கிட்டயே குடுத்துடணும்," என்றான்.

மறுநாள் காலை டச்சிங்குக்கு உட்கார்ந்தேன். முகத்தில் வேலை ஒன்றும் இல்லை, இருபது வயசு முகம். கண்ணாடிக்குள் விழுந்த பிடரியில்தான் புள்ளிகள் இருந்தன. ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் சற்றே பெரிதாக ஒன்று. "உங்க ஜெர்மன்காரன் தூசு கூடப் போட்டு வித்திருக்கான் போல," என்று உள்ளே குரல் கொடுத்துக்கொண்டே ஐந்தையும் பென்சிலால் நிரப்பினேன். பிளேட்டில் தூசு விழுந்தால் அப்படித்தான் செய்வோம், யோசிக்க மாட்டோம். அந்தப் பிளேட்டில் இவர் உடனே இரண்டு படம் போட்டுக் காயவைத்தார்.

பிறகு இரண்டாவது பிளேட்டை எடுத்தேன். அதிலும் அதே இடத்தில் அதே ஐந்து புள்ளிகள்.

தூசு ஒரு பிளேட்டில் விழுந்த இடத்திலேயே அடுத்ததிலும் விழாது. பென்சிலை வைத்துவிட்டேன். சிவப்பெல்லாம் எங்கள் பிளேட்டில் கறுப்பைப் போலவேதான் பதியும், பவுடருக்கு அடியில் இருந்தாலும் கொஞ்சம் பதியும். என் கையை நானே பார்த்தேன். நாலு விரல் ஒரு பக்கம், கட்டை விரல் ஒரு பக்கம். பின்னாலிருந்து ஒரு கை அந்தக் கழுத்தை முழு பலத்தோடு பிடித்திருக்கிறது. வயிற்றில் ஏழு மாதத்துப் பிள்ளை.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ரெண்டாவதுலயும் பென்சில் போட்டு மறச்சிடு ராஜம். நமக்கு எதுக்கு? அவன் கூரைக்கு நெருப்பு வக்கிறவன்."

"அந்தப் பொண்ணு இங்கயேதான் இருக்கப் போவுது. அவ அப்பாவுக்குத் தெரிஞ்சாத்தான் அழைச்சிம்போவாரு."

"தெரிஞ்சி, அவரு போயிக் கேட்டு, இவன் அவளையே அடிச்சிட்டா?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சனிக்கிழமை படம் வாங்க வருகிறேன் என்ற சக்கரபாணி வெள்ளிக்கிழமையே வந்து நின்றான். இரண்டாவது பிளேட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினேன். அரிசிப் பானைக்குள் அதைச் செருகி, மேலே அரிசியைத் தள்ளிவிட்டு வந்தேன்.

டச்சிங் செய்த பிளேட்டையும் இரண்டு படங்களையும் இவர் நீட்டினார். சக்கரபாணி படத்தை வெளிச்சத்தில் பிடித்தான். பெண்டாட்டியின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. கண்ணாடிக்குள் இருந்த பிடரியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இன்னொரு பிளேட்டு?"

இவர் என் பக்கம் திரும்பினார்.

"மூடிய ரெண்டு தடவ தொறந்தீங்க. நான் எண்ணினேன்."

"கழுவறப்ப ஒடஞ்சி போச்சிங்க," என்றேன். குப்பைக் கூடையில் கிடந்த வேறு யாருடையதோ உடைந்த பிளேட்டைத் தூக்கிக் காட்டினேன். கண்ணாடி என் விரலைக் கிழித்தது, வலி தெரியவில்லை. கீழே சொட்டிய ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவன் சிரித்தான்.

"நல்ல கையிம்மா உன் கையி. எம்மாம் சுத்தமா வேல செஞ்சிருக்கு," என்றான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை பூராவும் நான் வீட்டை விட்டு இறங்கவில்லை. யாராவது தெருவில் நின்றால் அவன் ஆள் என்று நினைத்தேன். சோறு பொங்கக்கூட அந்தப் பானையைத் தொட பயந்து, கொல்லைச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டில் அரிசி கடன் கேட்டேன். சாயங்காலம் ஒரு யோசனை வந்தது. நான் ஏன் வாயைத் திறக்கவேண்டும்? லென்ஸ்தான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதே! டச்சிங் செய்யாத பிளேட்டில் ஒரு படம் போட்டு அப்பன் கையில் கொடுத்துவிட்டால் படமே சொல்லிவிடும். நான் சொன்னதாக இருக்காது. என் பென்சிலைவிட அந்த லென்ஸ்தான் உசத்தி என்று கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக அவர் கட்சிக்கு மாறினேன். காரணம் பயம்தான், வேறில்லை.

ராத்திரியே பானையிலிருந்து பிளேட்டை எடுத்து ஒரு படம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் கீரைக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த தணிகாசலத்திடம் படத்தைக் கொடுத்தேன். எதிர் வெற்றிலைக்கடையில் ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அல்லது பார்ப்பதாக எனக்குத் தோன்றியது.

"உங்களுக்குன்னு தனியா ஒண்ணு போட்டேங்க. நல்லா பாருங்க. நிதானமாப் பாருங்க."

"மகராசியா இரும்மா," என்றார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெற்றிலைக்கடைப் பக்கம் திரும்பாமல் ஓடிவந்தேன்.

திங்கட்கிழமை காலை தணிகாசலமே ஸ்டூடியோவுக்கு வந்தார். படத்தைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். சரி, புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

"கண்ணாடிக்குள்ள எம்பொண்ணு கழுத்தாண்ட தூசு விழுந்துடுச்சும்மா," என்றார். "சனிக்கெழம காலையில மாப்பிள்ளை வூட்ல பாத்த படத்துல இது இல்ல. எடுத்தும்போயி அவருகிட்டயே கேக்கலாம்னு கெளம்பிட்டேன். பாதி வழியில, பாவம், உங்கள திட்டுவாரேன்னு இங்க வந்துட்டேன். கொஞ்சம் தொடச்சிக் குடுங்க."

பாதி வழி. இன்னும் நாலு தெரு நடந்திருந்தால் அந்தப் படம் சக்கரபாணியின் கையில் இருந்திருக்கும். மூடிய கதவுக்குள் அந்தப் பெண் தனியாக இருந்திருப்பாள்.

"குடுங்க, தொடச்சித் தரோம்," என்று இவர் அவசரமாகக் கை நீட்டினார்.

அந்தக் கையைத் தட்டிவிட்டேன். இவரை முக்காலியில் உட்கார வைத்து, பின்னால் போய் நின்று, பிடரியை ஒரே பிடியாகப் பிடித்தேன். எனக்கிருந்த பயம் மொத்தமும் அந்தப் பிடியில் இறங்கியது. இவர் "ஐயோ ராஜம்!" என்று அலறினார். விட்டேன்.

"பாருங்க ஐயா. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் ஒண்ணு. உங்க படத்துல இருக்கறது தூசு இல்ல. கை."

தணிகாசலம் இவர் கழுத்தில் சிவந்து எழுந்த தடத்தைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி கழுத்தைப் பார்த்தார்.

"அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே."

"எங்கிட்ட சொன்னா ஐயா. கண்ணாடி வேணாம்னு சொன்னா. நான்தான் காது குடுக்கல." அழுதுவிட்டேன். "கேக்காதீங்க. சண்டை போடாதீங்க. அவன் கடைக்குப் போற நேரமாப் பாத்து அழைச்சிம்போயிடுங்க."

அவர் தெருவில் இறங்கினார். காய் இறக்கிவிட்டு மூலையில் நின்றிருந்த மாட்டுவண்டியில் அவருடைய தம்பிகள் இரண்டு பேர் இருந்தார்கள். வண்டி கதிர்காமம் பக்கம் போகாமல் மகள் வீட்டுப் பக்கம் திரும்பியது.

அதன் பிறகு ஒவ்வொரு நிமிஷமும் ஒரு யுகமாகப் போனது. இவர் வாசல் கதவைச் சாத்துவதும் திறப்பதுமாக இருந்தார். கூரையில் நெருப்பு வைத்தால் ஊற்ற இரண்டு குடம் தண்ணீர் நிரப்பி வைத்தார். குடத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. வண்டி வராவிட்டால் நான்தான் அவளைக் கொன்றேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

பன்னிரண்டு மணி சுமாருக்கு வண்டிச் சத்தம் கேட்டது. தணிகாசலம் வண்டி ஓட்ட, கூண்டுக்குள் சந்திரகலா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மூட்டை, அவ்வளவுதான். தம்பிகள் இரண்டு பேரும் பின்பலகையில் உட்கார்ந்து வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசலில் வண்டி வேகம் குறைந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முக்காட்டைத் தள்ளிவிட்டாள்.

இடது கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கிக் கன்றியிருந்தது. வியாழக்கிழமை அது இல்லை. தெருவின் இந்தப் பக்கத்திலிருந்தே எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வண்டியோடு நடந்தபடி கேட்டேன். "இது எப்பம்மா?"

"சனிக்கெழம சாயங்காலம்க்கா," என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பிளேட் இன்னும் என் அரிசிப் பானைக்குள்தான் இருந்தது.