பத்துக் கூடை

பல் பிடுங்கிக்கொண்டு, மூன்று நாள் லீவு முடிந்து, இடது கன்னம் பன்ரொட்டி மாதிரி வீங்கிய நிலையில் வேலைக்குத் திரும்பிய ஆபரேட்டர், தன்னைவிட மோசமாக வீங்கியிருந்த ஒன்றைப் பார்த்தார். விடுதிச் சமையற்கட்டுக்குப் பின்னால், கழிவை மக்கவைத்து அடுப்புக்கு எரிவாயு எடுக்கும் கேஸ் தொட்டியின் ரப்பர் பலூன். மூன்று வருஷமாக அடக்க ஒடுக்கமாக இருந்த பலூன், இன்றைக்குப் பதவி உயர்வு கிடைத்த ஆள் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

அதன் முன்னால் வார்டன், தன்னையும் பலூனையும் சேர்த்து செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் வயிறு ஒரே வாக்கில் இருந்தது.

"வாய்யா! நீ இல்லாத மூணு நாள்ல உன் மச்சான் என்ன போடு போட்டிருக்கான் பாத்தியா?"

மச்சான் என்பது மனைவியின் தம்பி. சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிறவன். ஆபரேட்டர் போகும்போது தொட்டியை அவனிடம்தான் ஒப்படைத்தார். பாத்திரம் கழுவின தண்ணீர் கோடு வரைக்கும், நறுக்கின பச்சைச் சோளத்தட்டை ரெண்டு கூடை. அவ்வளவுதான். 'ரெண்டு' என்பதை விரல் காட்டியும் சொல்லியிருந்தார்.

"எத்தனை கூடைடா போட்டே?" என்றார், வலிக்காத பக்கத்து வாயால்.

"மொத நாள் ரெண்டு மாமா. மறுநாள் வார்டன் சார் வந்து, வியாழக்கிழமை தொட்டியைப் பாக்க கமிட்டி வருது, எட்டு போடுன்னாரு."

"நேத்து?"

"பத்து." மச்சான் குரலைத் தாழ்த்தினான். "எட்டைச் சட்டுனு உள்ள இழுத்துக்கிச்சு மாமா. பாவம், இத்தனை நாளா நீங்க அரை வயிறா போட்டிருக்கீங்கன்னு தோணுச்சு."

ஆபரேட்டர் மூடியைத் திறந்தார். குழந்தை பால் கக்கினாற்போல் ஒரு புளித்த வாடை முகத்தில் அடித்தது. சோதனைத் தாளைக் கிழித்து முக்கினார். பச்சையாக வரவேண்டிய தாள் மஞ்சளாக வந்தது. புளிப்பு ஏற ஏற அது சிவப்பை நோக்கிப் போகும்.

தொட்டிக்குள் வேலை பார்க்கிற கிருமிகள் இரண்டு கோஷ்டி. முதல் கோஷ்டி அவசரக்காரர்கள். போட்டதையெல்லாம் தின்றுவிட்டுப் புளிப்பைக் கக்குவார்கள். இரண்டாவது கோஷ்டி நிதானஸ்தர்கள். அந்தப் புளிப்பைத் தின்று எரிகிற வாயுவைக் கொடுப்பார்கள். புளிப்பு அளவு மீறினால் நிதானஸ்தர்கள் செத்துப்போவார்கள். அவசரக்காரர்கள் மட்டும் வாயுவை விட்டுக்கொண்டே இருப்பார்கள். பலூன் வீங்கும். எரியாது. இதை ஆபரேட்டர் முன்பு ஒருமுறை விளக்கியபோது, "நம்ம ஆபீஸ் மாதிரின்னு சொல்லு" என்று வார்டனே சிரித்திருக்கிறார்.

"சார், இது எரியாது. கொஞ்சம் சுண்ணாம்பு கரைச்சு ஊத்திட்டு, இருபது நாள் ஒண்ணும் போடாம விட்டா பொழைச்சுக்கும். கமிட்டியை அடுத்த மாசம் வரச்சொல்லுங்க."

"கமிட்டி வாசல்ல வந்து நிக்குது."

கமிட்டிக்குப் பிடித்தால் தொட்டி இருக்கும். தொட்டி இருந்தால் ஆபரேட்டர் இருப்பார். பிடிக்காவிட்டால் அந்த இடத்தில் ஸ்கூட்டர் ஷெட். ஷெட்டுக்கு வரைபடம்கூடத் தயார்.

மூன்று பேர் வந்தார்கள். பலூனைப் பார்த்து மூவரும் தலையாட்டினார்கள். வார்டன் அடுப்பைத் திருகித் தீக்குச்சியைக் காட்டினார். கேஸ் உஸ்ஸென்று வந்து குச்சியை அணைத்தது. இரண்டாவது குச்சி. மூன்றாவது. நாலாவதைக் கமிட்டித் தலைவரே கிழித்தார். பதவிக்கெல்லாம் அது மரியாதை கொடுக்கவில்லை.

ஆபரேட்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, இருபது நாள் கணக்கைத் திரும்பவும் சொன்னார். மூவரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

"இருபது நாள் எதுவும் போடலைன்னா, அந்த இருபது நாளும் நீங்க என்ன வேலை பாப்பீங்க?" என்றார் தலைவர்.

"காத்திருப்பேன் சார்."

தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். அதற்கென்று ஒரு படிவம் இருப்பதாக யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருவர் சுவரில் இருந்த பலகையைப் படித்துத் தொலைத்தார். தொட்டியைக் கட்டிக்கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போனது. 'கொள்ளளவு: நாளொன்றுக்குப் பத்துக் கூடை.'

"பத்து கொள்ளும்னு போட்டிருக்கு. நீங்க தினம் எத்தனை போட்டீங்க?"

"ரெண்டு சார். தட்டை பச்சையா இருந்தா ரெண்டுதான் தாங்கும். பலகை காஞ்ச சருகுக்கு எழுதினது."

"மூணு வருஷமா ரெண்டா?"

சட்டென்று எல்லோருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. தொட்டியைப் பட்டினி போட்டே கெடுத்த ஆள் கையும் களவுமாகச் சிக்கிவிட்டார். ஒரு மாதம் தினம் பத்துக் கூடை போட்டுப் பார்ப்பது, அப்போதும் எரியாவிட்டால் ஷெட் என்று முடிவாயிற்று. பொறுப்பு மச்சானுக்கு. ஆபரேட்டர் உதவிக்கு.

மறுநாள் காலை பத்துக் கூடையும் வரிசையாக நின்றன. வார்டன் தன் அறை ஜன்னலில் டீ டம்ளரோடு நின்றார்.

"மாமா, கொட்டுற மாதிரி கொட்டி, அந்தப் பக்கமா தள்ளிவிட்டுடலாமா?" மச்சானின் கண் சிவந்திருந்தது. தான் போட்ட கூடைகள்தான் தொட்டியைக் கெடுத்தது என்று தெரிந்ததிலிருந்து அவன் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

"எண்ணுறாருடா."

"நான் கொட்ட மாட்டேன் மாமா. என்னால முடியாது."

"நீ கொட்டலைன்னா வேற ஆளை வெச்சுக் கொட்டுவாங்க. அவன் தட்டையை நறுக்கக்கூட மாட்டான். தள்ளி நில்லு."

ஆபரேட்டரே முதல் கூடையைக் கவிழ்த்தார். இரண்டாவதையும் கவிழ்த்தார். அங்கே கை தானாக நின்றது. மூன்று வருஷப் பழக்கம். தாளை எடுத்து முக்கிப் பார்த்தார். நேற்று மஞ்சள். இன்றைக்கு ஆரஞ்சு.

"என்னய்யா, கலர் மாறுதா?" ஜன்னலிலிருந்து வார்டன் கேட்டார்.

"மாறுது சார்."

"நான் சொன்னேன்ல!"

ஆபரேட்டர் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாவது கூடையைத் தூக்கினார்.