பேனரில் இல்லாத முட்டி

என் கால்களுக்கு யாரோ நீளமாக ஒரு சிலுவார் மாட்டிவிட்டிருந்தார்கள்.

அசாம் ஜாவா சாலையிலிருந்து நான் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்குள் திரும்பியதுமே அந்தப் பேனர் கண்ணில் பட்டது. மண்டபத்துத் திடலில் இருக்கும் இரும்புத் தூணில் கட்டியிருந்தார்கள். மேலே அம்மன், கீழே கைகூப்பியபடி கோயில் தலைவர் நடராஜா, நடுவில் பந்தோடு எகிறும் நான். ‘நம் தோட்டத்தின் தங்கமகள் லோகேஸ்வரி’ என்று கொட்டை எழுத்து. இடுப்புக்கு மேலே நான்தான். இடுப்புக்குக் கீழே கன்னங்கரேலென்று, ஒரு மடிப்புகூட இல்லாமல், கணுக்கால் வரை வரைந்த கால்சட்டை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தப் படத்தை அனுப்பியதே நான்தான். எத்தனையோ படங்கள் இருக்க, அதைத் தேடி எடுத்ததற்குக் காரணம் என் வலது முட்டி. போன வருஷம் ஓர் ஆட்டத்தில் எகிறி இறங்கும்போது முட்டிக்குள் நார் அறுந்துபோனது. கோலாலம்பூரில் எனக்குச் சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் கூடைப்பந்துக் குழுவில் நான் ஒருத்திதான் தமிழச்சி. ‘பாவம், அவ்வளவுதான் அவ’ என்று சிலர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அறுவை சிகிச்சை முடிந்து சுவரைப் பிடித்து நடந்தேன். படி ஏறினேன். ஓடினேன். கடைசியில் எகிறினேன், இறங்கும் ஒவ்வொரு தடவையும் பயந்து செத்தேன். திரும்பிப் போய் ஆடிய முதல் ஆட்டத்தில் எடுத்த படம் அது. முட்டியின் மேல் ஜிப் வைத்துத் தைத்தது போலத் தழும்பு. என் பிழைப்பே அந்தத் தழும்பில்தான் இருக்கிறது. அதைத்தான் இவர்கள் அழித்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தத் தூண் என்னுடையது. பட்டணத்துச் சீனப் பள்ளியில் நான் கூடைப்பந்து கற்றுக்கொண்டபோது, அப்பா அதில்தான் ஓர் இரும்பு வளையம் மாட்டிக் கொடுத்தார். தினமும் சாயங்காலம் அங்கேதான் கிடப்பேன். நான் வளர்ந்ததும் பேச்சு கிளம்பியது. எதிரே கோயில், வயசுக்கு வந்த பெண் அரைச் சிலுவாரோடு குதிக்கிறாள் என்று. நடராஜா அப்போது தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. எந்த லோரி யாருக்கு என்று அவர்தான் எழுதுவார். அப்பா லோரி ஓட்டுகிறவர். கிராணி சொன்ன அன்றைக்கே அப்பா ஏணி வைத்து ஏறி வளையத்தைக் கழற்றினார். நான் கீழே நின்று அழுதேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

இப்போது திருவிழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தவேண்டும் என்று நடராஜா போன் செய்தபோது, நான் கேட்டது ஒன்றே ஒன்று. நான் வருவதற்குள் அந்த வளையம் தூணில் ஏறியிருக்கவேண்டும். பக்கத்து வீட்டுக் கங்காவும் அவள் கூட்டாளிகளும் எண்ணெய் டிரம்முக்குள் பந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள். “கண்டிப்பா லா” என்றார்.

“ரிங் எங்க, மாமா?” என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

“அந்தத் தூண்லதானே ஒன் படத்தயே போட்டுருக்கு! ரிங்க விட இது பெருசு லா. எல்லாரும் பாக்குறாங்க.”

“எனக்கு எதுக்கு சிலுவார் போட்டீங்க?”

“சாமி இருக்கிற பேனரும்மா. முட்டி தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? ஒனக்குத்தான் மரியாத.”

கோயிலுக்கு எதை உடுத்தவேண்டும் என்று எனக்கு அவர் சொல்லித்தரவேண்டியதில்லை. புடவையில்தான் நின்றிருந்தேன். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பூசை முடிந்ததும் திடலில் போட்டிருந்த மேடைக்குக் கூப்பிட்டார்கள். நடராஜா மைக்கில் என்னைத் தானே வளர்த்து ஆளாக்கியது போலப் பேசினார். கைதட்டினார்கள். பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். நான் ஓர் அடி பின்னால் போனேன்.

“ரிங்க மாட்டுங்க. அப்புறம் போத்துங்க.”

மைக் அதையும் ஊருக்கே சொன்னது. “வாயப் பாரு”, “பட்டணத்துக்குப் போனா இப்படித்தான்” என்று முன் வரிசையிலிருந்து கிளம்பியது. அம்மா கீழேயிருந்து, “லோகா, வேணாம்டி” என்று கையை ஆட்டினாள். எனக்கு அழுகை முட்டியது, ஆனால் இவர்கள் முன்னால் அழுவேனா?

“அடுத்த வருஷம் பாக்கலாம்மா. பொம்பளப் புள்ளைங்க எல்லாம் ஒழுங்கா நீளச் சிலுவார் போட்டுக்கிறதா இருந்தா...”

“வேணாம். ஒங்க துணியும் வேணாம்.”

நடராஜாவின் முகம் சுருங்கியது. கூட்டத்தைப் பார்த்து, “டேய் கணேசு, ஒன் மகளக் கூட்டிட்டுப் போ” என்றார். லோரி எழுதிய காலத்துக் குரல் அப்படியே இருந்தது.

அப்பா எழுந்தார். என்னிடம் வரவில்லை. எங்கள் லயத்து வீட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். ஓடிப்போகிறார் என்று நினைத்தேன். மறுபடியும் ஓடிப்போகிறார். அந்த நிமிஷம் நடராஜாவை விட அவர் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

திரும்பி வந்தபோது தோளில் ஏணி, கையில் சாக்குச் சுருட்டு. ஏணியைத் தூணில் சாய்த்து ஏறி, பேனரின் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார்.

“கணேசு! சாமி படம்டா அது!”

அப்பா பேனரைக் கீழே விழவிடவில்லை. அம்மன் முகம் மடங்காமல் சுருட்டிக்கொண்டு இறங்கினார். மேடைக்கு வந்து நடராஜாவின் கையில் கொடுத்தார்.

“சாமிய நீங்க வச்சிக்குங்கய்யா. எம் மகளுக்குக் கால் இருக்கு.”

பிறகு சாக்கைப் பிரித்தார். அதே வளையம். ஒரு பொட்டுத் துரு இல்லை, எண்ணெய் பளபளத்தது. இத்தனை வருஷமும் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார், ஒளித்து. அதையும் ஒரு ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறினார்.

எனக்குக் கோபம்தான் பொங்கியது. மேடையிலிருந்து இறங்கிப் போய் ஏணியடியில் நின்று கேட்டேன்.

“எண்ணெ போடத் தெரிஞ்ச ஒங்களுக்கு மாட்டத் தெரியலயாப்பா?”

அவர் ஸ்பேனரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

“பயம்மா” என்றார்.

யாரும் வந்து தடுக்கவில்லை. கங்கா பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் புடவையை முட்டிக்கு மேலே தூக்கி இடுப்பில் சொருகினேன். தழும்பு வெளிச்சத்தில் தெரிந்தது. பார்க்கப் பிடிக்காதவர்கள் திரும்பிக்கொள்ளட்டும்.

அப்பா ஏணியிலிருந்து இறங்கி என் முகத்தை நேராகப் பார்த்தார். நான் பந்தை வளையத்தை நோக்கி எறிந்தேன்.