தலையணையில் மாட்டிய கிளிப்

மனைவியின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தவரின் கை, மகனின் குரல் கேட்டு நின்றது.

“அலாரம் ஏன் அடிக்கல? அதை மட்டும் சொல்லுங்க. எங்கம்மா கட்டிலை விட்டு எறங்கினா அது அடிக்கணுமா, இல்லையா?”

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்ல மேனேஜரின் அறை. மேனேஜர் என்ன முனகினாரோ, மகன் இன்னும் உரக்கக் கத்தினான்.

“ஆறு மணிக்கு விழுந்தவங்களை ஆறரைக்குத்தான் பாத்திருக்கீங்க! அதுக்குள்ள உசுரு போயிடுச்சு!”

கட்டில் காலி. அவளை வெள்ளைத் துணி சுற்றி வேனில் ஏற்றிவிட்டார்கள். தலைமாட்டில் அலாரப் பெட்டி தொங்கியது. சோப்பு டப்பா அளவுதான். அதிலிருந்து ஒரு நூல், நூலின் நுனியில் கிளிப். கிளிப்பை நைட்டியின் தோளில் மாட்டிவிட்டால் போதும். ஆள் எழுந்தால் நூல் இழுபடும், பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் கழன்றுவரும், கட்டிடமே அதிரும்படி கத்தும்.

இன்று காலை அந்தக் கிளிப் தலையணை உறையில் இருந்தது. மாட்டியவர் அவர்தான்.

ஆறு மாதத்துக்கு முன்பு அவள் குளியலறையில் விழுந்தபோது, மகன்தான் சண்டை போட்டு அலாரம் வைக்கச் சொன்னான். முதல் நாளே அவள் நூலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். “நான் ஓடிப்போயிடுவேன்னு பயமா? உங்களைக் கட்டிக்கிட்டு நாப்பத்தாறு வருஷம் ஓடல. இப்பவா ஓடப்போறேன்?”

மறுவாரம் அவள் சிரிக்கவில்லை. புரண்டு படுக்கக்கூடப் பயந்து, கட்டை மாதிரி கிடந்தாள்.

அதன் பிறகு தினமும் மதியம் மூன்று மணிக்கு வீட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். கிளிப்பைக் கழற்றித் தலையணையில் மாட்டிவிட்டு, நடைவழியின் கோடி ஜன்னல்வரை அவளைக் கைத்தாங்கலாக நடத்திப்போவார். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கதவு சரியாக மூடாமலே லிஃப்டை ஓட்டிக் காட்டிய தன் உதவியாள் ஒருவனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியவர்.

நேற்று நடந்த களைப்பில் அவள் படுத்ததும் தூங்கிவிட்டாள். கிளிப்பை மாட்டத் தோளைத் தொட்டால் விழித்துக்கொள்வாள். கொஞ்ச நேரம் போகட்டும் என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று எழுந்தவர், கிளிப்பை மறந்து அப்படியே போய்விட்டார்.

“நூல் போர்வைக்குள்ள போச்சு சார். மாட்டியிருக்குன்னு நெனச்சேன்.”

ஆயாவின் குரல். அதட்டி அதட்டியே மாத்திரை விழுங்கவைப்பாள் என்பதால் மனைவி அவளுக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தாள். மதியத்திலிருந்து மறுநாள் காலைவரை அவளுக்குத்தான் வேலை. “ஐயா, போறப்ப மறக்காம மாட்டிட்டுப் போங்க, என் தலைதான் உருளும்” என்று தினமும் சொல்வாள்.

“சத்தம் தாங்கலன்னு நீங்களே கழட்டி வெச்சிருப்பீங்க! எனக்குத் தெரியாதா?”

“இன்னையோட இவங்களை நிறுத்திடறேன் சார்” என்றார் மேனேஜர்.

“நிறுத்தினா ஆச்சா? போலீஸ்ல எழுதிக் குடுக்கப்போறேன்.”

‘அந்த ஐயாவைக் கேளுங்க’ என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிடுவாள் என்று அவர் காத்திருந்தார். சொல்லிவிட்டால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

இனி அவருக்கென்று இருப்பது அந்த ஒருத்தன்தான். அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். எழுந்து போய் அந்த அறைக் கதவைத் திறந்தார்.

“நீங்க ஏம்பா வந்தீங்க? உக்காருங்க, நான் பாத்துக்கறேன்.”

“அது நான் மாட்டினது.”

“எது?”

“கிளிப்பு. தெனம் கழட்டிட்டு நடக்கக் கூட்டிட்டுப் போவேன். நேத்து திருப்பி மாட்ட மறந்துட்டேன்.”

மேனேஜர் பேனாவை மூடினார். ஹெட்மாஸ்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தரையைப் பார்த்தாள்.

“தெனமுமா?”

“தெனமும்.”

“எத்தனை தடவ சொன்னேன் உங்ககிட்ட...” மகன் வாயைத் துடைத்துக்கொண்டான். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினான். “அம்மாவை எடுத்துட்டுப் போக எங்க கையெழுத்துப் போடணும்?”

வேனின் பின்பக்கம், படுக்கையை ஒட்டி இரண்டு பேர் உட்கார இடம் இருந்தது. மகன் முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டான். ஹெட்மாஸ்டர்தான் ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்தாள்.

“பாத்து ஏறுங்க ஐயா, படி ஒசரம்.”

அவர் அவளிடம் ஏதோ சொல்ல நினைத்தார். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

முதல் திருப்பத்தில் வேன் ஒருபக்கம் சாய்ந்தது. வெள்ளைத் துணி லேசாக நகர்ந்தது. அவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “பெல்ட் போட்டிருக்கு பெரியவரே, விழாது. நீங்க சாஞ்சு உக்காருங்க.”

“சரிப்பா.”

மகன் திரும்பவில்லை. அடுத்த திருப்பம் வருவதற்கு முன்பே அவர் இரண்டு கைகளாலும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.